ஏழு பேர் வண்டியும் ஒரு நீலச் செடானும்

மார்ச் 4, செவ்வாய்

வண்டி இன்று இரண்டாம் கியரிலேயே சிக்கிக்கொண்டது. ஓடாமல் இல்லை, ஓடும், ஆனால் இரண்டாம் கியரில்தான் ஓடுவேன் என்று அடம். மருத்துவமனையில் புது லிஃப்ட் சோதனை இருந்தது. ஆய்வாளர் அம்மா வருவார் என்று மூன்று பேர் வாசலில் காத்திருக்க, அந்த அம்மாவான நான் ஆமை மாதிரி ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். பின்னால் வந்த பஸ்காரர் வழி முழுக்க ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

சாயங்காலம் மெக்கானிக்கிடம் விட்டேன். கீழே படுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கியர்பாக்ஸ் போயிடுச்சு மேடம். ஒப்பேத்தித் தரேன், கொஞ்ச நாள் ஓடும். ஆனா இதை நம்பாதீங்க." அப்புறம் தயங்கி, "ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? ஒரே ஆளுக்கு எதுக்கு ஏழு சீட்டு?"

"அக்கா குடும்பம் இருக்கு."

"அவங்ககிட்ட வண்டி இல்லையா?"

"இல்ல."

"ஓ" என்றார். ஒரு எழுத்துதான். வீடு வரை அது என்கூடவே வந்தது.

மார்ச் 5, புதன்

புது வண்டி வாங்கித்தான் ஆக வேண்டும். எந்த வண்டி என்று யோசிக்கவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு என்ன பிடிக்கும் என்று என்னையே கேட்டு ரொம்ப நாளாகிறது.

மார்ச் 9, ஞாயிறு

ஒப்பேற்றிய வண்டியில் எல்லாரும் ஏரிக்குப் போய் வந்தோம். மாதத்தில் மூன்று ஞாயிறாவது இப்படி ஒரு சுற்று. காலையிலேயே அக்காவின் போன் வந்துவிடும். "பாப்பா, கிளம்பிட்டியா?" நாற்பத்து மூன்று வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த ஒரு வார்த்தைக்காகவே வண்டியை எடுத்துக்கொண்டு போவேன் போலிருக்கிறது.

யார் எங்கே உட்கார வேண்டும் என்பது எங்கள் வண்டியில் எழுதாத சட்டம். முன்னால் என் பக்கத்தில் அத்தான். அவருக்குக் கால் நீளம் என்று காரணம். நடு வரிசையில் அக்காவின் மாமியாரும் மாமனாரும், அவர்களுக்கு நடுவே அக்கா. ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இன்னொருவருக்கு மூடியிருக்க வேண்டும். அந்த வழக்கைத் தீர்க்க அக்கா. கடைசி வரிசையில் அக்காவின் பெரியவளும் சின்னவனும், சண்டையும். சின்னவன் பிறந்த வருடம்தான் இந்த வண்டியை வாங்கினேன். "எப்படியும் வாங்கப் போற, பெருசா வாங்கிடு பாப்பா" என்றாள். வாங்கினேன்.

அத்தான் வழி சொல்லிக்கொண்டே வருவார். பதினோரு வருடமாக நான் போகும் அதே பாதைக்கு வழி. "இப்ப லெஃப்ட் எடு, இப்ப லெஃப்ட்." ஏரிக்கு வேறு எந்தப் பக்கமும் திரும்ப முடியாது, திரும்பினால் தண்ணீர்தான்.

வண்டியை மாற்றப் போகிறேன் என்றதும் எல்லாருக்கும் ஒரே குஷி. சின்னவன் கூரை திறக்கிற வண்டி கேட்டான். மாமனாருக்கு ஏற இறங்கத் தாழ்வாகப் படி வேண்டும். நான் என்ன கேட்டேன்? ஒன்றும் கேட்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

இன்று ஒரு அடுக்குமாடியில் பாரச் சோதனை. லிஃப்டுக்குள் எத்தனை பேர் ஏறலாமோ அத்தனை பேருக்கான இரும்புக் கட்டிகளை அடுக்கி, தாங்குகிறதா என்று பார்ப்போம். கட்டிகளை ஏற்றி இறக்க ஒரு அண்ணன் வருவார். ஆபீஸில் அவர் பெயரே எடைக்கல். ஒரு கட்டி குறைந்தால் அவரே உள்ளே ஏறி நின்றுகொள்வார், கணக்குச் சரியாகிவிடும்.

எடைக்கல் அண்ணனுக்கு வண்டிப் பைத்தியம். சொந்தமாக இருப்பது பழைய ஸ்கூட்டர்; வாயில் இருப்பதெல்லாம் கார். என் கதையைக் கேட்டதும் கட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், உங்க வேலைக்குச் செடான்தான் சரி. டிக்கி தனியா இருக்கும். உங்க ஹெல்மெட்டு, மீட்டரு, கயிறு எல்லாம் பின்னாடி தன்பாட்டுக்குக் கெடக்கும். கூடவே உக்காந்து லொட லொடன்னு பேசாது."

"அது சரி. சின்னதா இருக்கணும். பழைய தெருவுல எல்லாம் போகணும்ல."

"சின்ன செடான்ல ஒண்ணு இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளிய பாத்தா வாத்தியார் வண்டி. உள்ள இன்ஜின் இருக்கே, அது ராட்சசன். மிதிச்சீங்கன்னா லாரி எல்லாம் பின்னாடி போற மாதிரி இருக்கும்."

"தினம் ஆபீஸ் போறவளுக்கு எதுக்குண்ணே ராட்சசன்?"

"தினம் போறவங்களுக்குத்தான் வேணும். எப்பவாச்சும் போறவன் எதுல போனா என்ன?"

நான் சோதிக்கிற லிஃப்டுகளில் பாதி வினாடிக்கு ஒரு மீட்டர் போகும். அதற்கு மேல் போனால் நிறுத்தி வைக்கிற அதிகாரம் எனக்கு உண்டு. இருபது வருடமாக அந்த வேகத்தில் தனியாக ஏறி, தனியாக இறங்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து அந்த வண்டியின் படத்தைப் பார்த்தேன். ஒரு படம் பார்க்க உட்கார்ந்தவள் சோறு ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வீட்டு மேஜையில் ஏழு பேர் வண்டியின் விளம்பரப் புத்தகம் தயாராக இருந்தது. அத்தான் வாங்கி வந்திருக்கிறார். பக்கங்களின் மூலையை மடித்து வேறு வைத்திருக்கிறார்.

"கலர்கூடப் பாத்துட்டோம்" என்றார். "வெள்ளை. அழுக்குத் தெரியும்னு அம்மா சொன்னாங்க, ஆனா பசங்களுக்கு வெள்ளைதான் பிடிக்குதாம்."

காசு நான் போடுவது, கலர் இவர்கள் பார்ப்பது. சிரிப்புதான் வந்தது. நானும் ஒரு செடான் பார்த்திருக்கிறேன், சின்னது, என்று மெதுவாகச் சொன்னேன். அத்தான் காதில் விழவில்லை. அக்கா காதில் விழுந்தது. தோசைக்கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"சின்னதா? எவ்ளோ சின்னது?"

"அஞ்சு பேர்."

"விளையாடாத பாப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 22, சனி

டெஸ்ட் டிரைவ். எனக்கு வாய்த்த ஷோரூம் பெண் நல்ல சுறுசுறுப்பு, நல்ல வாய்.

"குடும்பத்துல எத்தனை பேர் மேடம்?"

"ஏழு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது அஞ்சு சீட்டு மேடம். அதுலயும் பின்னாடி நடுவுல உக்கார்றவங்க உங்களுக்கு ஆகாதவங்களா இருந்தா நல்லது."

சிரித்துவிட்டேன். ஷோரூமில் சிரித்தது அதிகம் என்று எனக்கே தோன்றியது.

பிறகு ஒரு அசட்டு வேலை செய்தேன். எங்கள் வேலையில் முதலில் பிரேக், அப்புறம்தான் வேகம். பழக்கதோஷம். காலியாக ஒரு சாலை வந்ததும், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் பிரேக்கை முழுக்க மிதித்தேன். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. அந்தப் பெண்ணின் பை, தண்ணீர் பாட்டில், விளம்பரத் தாள்கள் எல்லாம் முன்னால் பறந்தன.

"மேடம், சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க பிடிச்சுப்பீங்க. அப்புறம் பெல்ட் வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?"

"எனக்கு இது வரைக்கும் வந்த கஸ்டமர் எல்லாரும் மிதிச்சுத்தான் பாத்தாங்க. நீங்கதான் நிறுத்திப் பாத்தீங்க" என்றாள், தாள்களைப் பொறுக்கிக்கொண்டே. "இப்ப மிதிங்க."

மிதித்தேன். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. லிஃப்டில் இப்படி நடந்தால் சீல் வைத்துவிட்டுப் போவேன். கியர் மாற்றுவது கைக்கு அடக்கமாக, சொன்ன பேச்சு கேட்கிற மாதிரி. வளைவில் நான் நினைத்த இடத்துக்கு வண்டி எனக்கு முன்னாடியே போய் நின்றது. என்ன ஆச்சு எனக்கு? கண்ணில் தண்ணீர். தூசி என்று சொன்னேன். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. அவளும் தூசிதான் என்றாள், நல்ல பெண்.

மார்ச் 25, செவ்வாய்

புத்திசாலித்தனமாக யோசிக்கலாம் என்று உட்கார்ந்தேன். சஸ்பென்ஷன் விறைப்பு, ஒவ்வொரு வேகத்தடையும் முதுகெலும்புக்குத் தனித்தனியாக வணக்கம் சொல்லும். தரை உயரம் குறைவு. பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகவே குடிக்கும். நெரிசலில் கிளட்ச் மிதித்து முழங்கால் போகும். எடைக்கல் அண்ணனே "ஆட்டோமேட்டிக் எடுங்க" என்றுதான் சொன்னார். தினசரி ஓட்டத்துக்கு இது சரியா? சரியில்லை என்று சொல்ல நூறு காரணம் இருக்கிறது.

ஆனால் நெரிசலில் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். மெதுவாக நகரும்போதுதான் யோசனை எல்லாம் வருகிறது. யோசனை வந்தால் கியரையாவது பிடித்துக்கொள்ளலாம்.

உண்மையான கணக்கு வேறு. அது எனக்குத் தெரியும். பெரிய வண்டி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சின்னது வாங்கினால் வருமா? அவ்வளவுதான் கேள்வி. இதற்கு விளம்பரப் புத்தகத்தில் பதில் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஏழு பேர் வண்டியைப் பார்க்க எல்லாரும் போனோம். சரி, அவர்கள் பார்க்கட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் நானும் போனேன். பிள்ளைகள் கதவு திறந்ததும் கடைசி வரிசைக்கு ஓடினார்கள். மாமனார் படியில் ஏறி இறங்கி ஏறிப் பார்த்தார். அத்தான் முன்னால் உட்கார்ந்து காலை நீட்டினார். கால் முட்டவில்லை என்றதும் வண்டியே வாங்கியாகிவிட்டது மாதிரி ஒரு திருப்தி.

விற்பனைக்காரர் அத்தானிடமே பேசிக்கொண்டிருந்தார். சார் இது, சார் அது. கடைசியில் கேட்டார்: "நீங்களே ஓட்டுவீங்களா சார், இல்ல டிரைவர் வெச்சிருக்கீங்களா?"

அத்தான் என்னைக் காட்டினார். "இதோ நிக்கிறாங்களே, சம்பளம் கேக்காத டிரைவர்."

எல்லாரும் சிரித்தார்கள். விற்பனைக்காரர், மாமியார், மாமனார், பிள்ளைகள். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சின்னவன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டிருந்தாள். காலர் நன்றாகத்தான் இருந்தது.

அத்தான் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து தந்தவர். கேலி பண்ணத்தான் சொன்னார். ஆனா ஏன் எல்லாருக்கும் உடனே சிரிப்பு வந்துச்சு? யாருக்குமே ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டியிருக்கலையே.

ஏப்ரல் 2, புதன்

புக் பண்ணிவிட்டேன். செடான். கியர் வண்டி. நீலம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அக்கா கேட்டாள், "அப்போ நாங்க எப்படிப் போறது?"

ஏன் என்று கேட்டிருக்கலாம். என்ன கலர் என்று கேட்டிருக்கலாம். அட, உனக்கென்ன பைத்தியமா என்றாவது திட்டியிருக்கலாம். நாங்க எப்படிப் போறது.

"ரெண்டு தடவையா கூட்டிட்டுப் போறேன்" என்றேன். என்ன ஒரு பதில். அத்தான் எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டினார். பெரியவள்தான் வாசல் வரை வந்து, "சித்தி, நிஜமாவே வேகமா போகுமா?" என்று கேட்டாள். போகும் என்றேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

ஏப்ரல் 19, சனி

வண்டி வந்தது. ஷோரூமில் துணி போட்டு மூடி வைத்து, நாமே இழுத்துத் திறக்க வேண்டும் என்கிறார்கள். புகைப்படம் வேறு. பக்கத்து வண்டிக்கு ஒரு பெரிய குடும்பம் வந்திருந்தது. துணியை இழுக்க யார் என்று அங்கே தள்ளுமுள்ளு.

"உங்ககூட யார் நிக்கணும் மேடம்?" என்று போட்டோக்காரர் கேட்டார்.

"யாரும் இல்ல. எடுங்க."

ஷோரூம் பெண் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். "என்னையப் பறக்கவிட்டவங்க நீங்க, நானும் வரேன்." படம் நன்றாக வந்திருக்கிறது. பார்ப்பவர்கள் தங்கையா என்று கேட்பார்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

போன் வரவில்லை. புறவழிச் சாலையில் தனியாகப் போய் வந்தேன். மூன்றாம் கியரில் ஒரு சத்தம் போடுகிறது பாருங்கள் — யாரைப் பாருங்கள் என்கிறேன்? — அடித்தொண்டையில் ஒரு உறுமல். நான்கு லாரிகளைத் தாண்டினேன். வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் ஒரு டீக்கடையில் நிறுத்தி, வண்டி தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம்தான். பொய் இல்லை. ஆனால் சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் டீ குடிக்கிற நேரத்துக்குள் அது முடிந்துவிடுகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றும் இல்லை. நானே கூப்பிட்டேன். "வேலையா இருக்கேன் பாப்பா, அப்புறம் பேசறேன்." அப்புறம் பேசவில்லை.

மே 4, ஞாயிறு

படங்களைப் பெரியவள் அனுப்பியிருந்தாள். எல்லாரும் கடற்கரையில். வாடகைக்கு ஒரு பெரிய வண்டி பிடித்துப் போயிருக்கிறார்கள். ஏழு பேர் வண்டி.

ராத்திரி வரை பொறுக்க முடியவில்லை, மதியமே அக்காவைக் கூப்பிட்டுவிட்டேன். என்னைக் கூப்பிடலையே என்றேன். சாதாரணமாகக் கேட்கத்தான் நினைத்தேன், குரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"இடம் இல்லையே பாப்பா. டிரைவர் இருக்காரே" என்றாள். சொல்லிவிட்டு அவளே நிறுத்திவிட்டாள். எனக்குப் புரிந்தது, அவளுக்கும் புரிந்தது. போனில் கடல் சத்தம் மட்டும் கேட்டது.

அவங்க ஆறு பேரு. ஏழாவது சீட்டு எனக்குன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன். அது எனக்கு இல்ல. ஓட்டுற ஆளுக்கு. நான் ஓட்டினேன், அதனால நான் உக்காந்தேன். இன்னைக்கு வேற ஆள் ஓட்டினான், அவன் உக்காந்தான். இதுல கோவப்பட என்ன இருக்கு? கோவம்தான் வருது. கோவம்கூட இல்ல, வேற என்னமோ.

மே 5, திங்கள்

அழுதால் தலைவலி வரும் என்று தெரிந்தும் அழுதது என் தப்பு.

மே 14, புதன்

சிரிக்க ஒரு விஷயம். வங்கிக் கட்டிடத்து லிஃப்டில் நான் இருக்கும்போதே மின்சாரம் போய், பாதியில் நின்றுவிட்டது. ஆய்வாளரே மாட்டிக்கொண்டார் என்று ஊரெல்லாம் பேசப் போகிறார்கள். அவசரப் பொத்தானை அமுக்கினேன். எங்கேயோ ஒரு அறையிலிருந்து ஒருவர் பேசினார்.

"பயப்படாதீங்க. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஒருத்தர்."

"தனியாவா?"

"ஆமா."

"சரி, அப்ப நான் பேசிட்டே இருக்கேன்" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. மழை வருமா, அங்கே சூடாக இருக்கிறதா, மதியம் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கதவு திறந்ததும் "சரிம்மா, பத்திரமா போங்க" என்று வைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் மெதுவாகத் திறந்திருக்கலாம் என்று நினைத்தேன். லிஃப்ட் ஆய்வாளர் நினைக்கக்கூடாத நினைப்பு.

மே 17, சனி

எடைக்கல் அண்ணனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பாவம், கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் கியரில் ஒரு இழுப்பு இழுத்ததும் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ராட்சசன்னு சொன்னீங்களேண்ணே?"

"சொன்னேன். நான் படத்துல பாத்த ராட்சசன் மேடம், இது நிஜம்."

இறங்கும்போது முகமெல்லாம் பல். ஆனால் அவருக்கு வீட்டில் ஆள் காத்திருக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு மேல் வரவில்லை.

மே 25, ஞாயிறு

என்னையே திட்டிக்கொண்டு ஒரு காரியம் செய்தேன். ஷோரூம் பெண்ணுக்குப் போன் பண்ணி, இந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏழு பேர் வண்டி எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"என்ன மேடம் ஆச்சு? ஏதாச்சும் கோளாறா?"

"வண்டியில கோளாறு இல்ல."

"நஷ்டம் ஆகும் மேடம். சனிக்கிழமை வாங்க, பாக்கலாம். நல்லா யோசிச்சிட்டு வாங்க."

யோசித்துவிட்டேன். தன்மானம் எல்லாம் சரிதான். தன்மானம் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிப் பாப்பா என்று கூப்பிடாது. சம்பளம் கேட்காத டிரைவராகவே இருந்துவிட்டுப் போகிறேன். எத்தனையோ பேர் அதற்கும் கீழே இருக்கிறார்கள். இதை எழுதும்போது கை எழுதுகிறது, மனசு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது.

மே 30, வெள்ளி

வண்டியைக் கழுவினேன். பேப்பர்களை எடுத்து வைத்தேன். டிக்கியைக் காலி பண்ணினேன். நாளைக்கு மதியத்துக்குள் போய்விட வேண்டும்.

மே 31, சனி

கிளம்பிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. வாசலில் அக்கா. தனியாக. வீட்டில் போடுகிற செருப்பு, கையில் பை இல்லை, போனும் இல்லை. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "இதானா? எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ பாப்பா."

"எங்க?"

"எங்கயாச்சும்."

பின் கதவைத் திறக்கப் போனாள். முன்னாடி உட்காரு என்றேன். உட்கார்ந்தாள். பெல்ட் எங்கே மாட்டுவது என்று தேடினாள், நான்தான் மாட்டிவிட்டேன். இருக்கையைப் பின்னால் தள்ளலாம் என்று காட்டினேன். தள்ளித் தள்ளி, கால் முழுதாக நீளும் வரை தள்ளினாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக்கொண்டாள்.

புறவழிச் சாலை பிடித்தேன். வேகமாகப் போகட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஷோரூமைத் தாண்டிப் போனோம். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள்.

"அன்னைக்கு டிரைவர் இருக்காருன்னு சொன்னேன்ல. அதையே நெனச்சிட்டிருக்கேன். எப்படி என் வாயில அது வந்துச்சுன்னு தெரியல."

"விடு அக்கா."

"விட முடியல. போன் எடுப்பேன், என்ன சொல்றதுன்னு தெரியாம வெச்சிருவேன்." வெளியே பார்த்தாள். "காலையில எழுந்ததுலேர்ந்து எல்லாருக்கும் எங்கிட்ட ஏதாச்சும் வேணும் பாப்பா. மருந்து எங்க, சாக்ஸ் எங்க, உப்பு ஏன் கம்மி. உன் வண்டியில வரும்போதும் அப்படித்தான், ஜன்னலைத் தெற, ஜன்னலை மூடு. உன்னைப் பாத்து ரெண்டு வார்த்தை பேசினதே இல்ல நான்." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "உனக்கு எங்கிட்ட என்ன வேணும்? நீ ஒண்ணும் கேட்டதே இல்லையே."

"ஒண்ணும் வேணாம்" என்றேன்.

பச்சைப் பொய். இத்தனை வருடத்தில் நான் சொன்னதிலேயே பெரிய பொய்.

"அப்பாடா" என்றாள் அக்கா. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

தூங்கிவிட்டாள். உடனே, சுவிட்ச் அணைத்த மாதிரி. வாய் லேசாகத் திறந்து, கை இரண்டும் மடியில் மல்லாந்து. நரை இவ்வளவு வந்திருப்பது எனக்குத் தெரியாது. வண்டியைத் திருப்பினேன். வேகத்தடை ஒவ்வொன்றையும் ஓரமாக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக இறக்கினேன். ராட்சசனை நாலாம் கியரில் நாற்பதில் வைத்து, அவன் திமிறத் திமிற ஓட்டினேன். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். கையைக் காட்டிப் போகச் சொன்னேன். எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள், ஸ்கூட்டர்கூட.

அக்கா வீட்டுத் தெரு வந்தது. வாசலில் சின்னவனின் சைக்கிள் கிடந்தது, மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அத்தான் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

நான் நிறுத்தவில்லை. தெருமுனையில் மெதுவாகத் திரும்பி, இன்னொரு சுற்றுப் போனேன்.